அரை மணி நேர வானொலி: ஒரு செலவுக் கணக்கு

"நம்ம ஊருக்குன்னே ஒரு எஃப்எம் ஆரம்பிச்சா என்ன மாப்ள?" என்று மச்சான் டீக்கடையில் கேட்டபோது நானும் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன். இணையத்தில் குட்டி டிரான்ஸ்மிட்டர்கள் சில ஆயிரத்துக்குக் கிடைக்கின்றன, மாடியில் ஒரு கம்பியை நட்டால் முடிந்தது என்பது அவன் திட்டம்.

அப்படி நட்டால் உள்ளே தள்ளிவிடுவார்கள் என்பது அன்று இரவே தேடிப் படித்ததில் தெரிந்தது. உரிமம் இல்லாமல் அலைவரிசையில் ஒலிபரப்புவது குற்றம், சின்ன டிரான்ஸ்மிட்டர்தானே என்ற சலுகையெல்லாம் கிடையாது. பீகாரில் மன்சூர்பூர் என்ற கிராமத்தில் ராகவ் என்கிற ரேடியோ மெக்கானிக் ஐம்பது ரூபாய் சாமானில் ஒரு எஃப்எம் நடத்தி, சுற்றுவட்டாரமே கேட்டு, பிபிசி வரை பேர் வாங்கினார். 2006ல் அரசு அதை மூடிவிட்டது.

சரி, முறைப்படி சமுதாய வானொலி, அதாவது ஒரு வட்டார மக்களுக்காக லாப நோக்கில்லாமல் நடத்தும் சின்ன நிலையம், அதற்கு உரிமம் வாங்கலாமே என்றால் தனி ஆளுக்குத் தரவே மாட்டார்கள். கல்வி நிறுவனம், வேளாண் அறிவியல் மையம், பதிவு செய்து சில வருடமாவது சேவையில் இருக்கும் தொண்டு அமைப்பு, இவர்கள்தான் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க முடியும். அதற்கு மேல் அலைவரிசை ஒதுக்கீடு, கோபுரத்துக்குத் தனி அனுமதி, வங்கி உத்தரவாதம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004ல் தொடங்கியதற்கும், பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை 2016ல் வந்ததற்கும் பின்னால் எவ்வளவு அலைச்சல் இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. ஆகவே பெரிய ஆசையை மடித்து வைத்துவிட்டு, பக்கத்து ஊர்க் கல்லூரி நடத்தும் சமுதாய வானொலியில் வாரம் அரை மணி நேரம் கேட்டு வாங்கினோம். சொந்த நிலையம் வேண்டும் என்று துடிக்கும் எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: முதலில் அடுத்தவர் நிலையத்தில் ஆறு மாதம் நிகழ்ச்சி செய்து பாருங்கள், பாதிப் பேருக்கு ஆசை தானாக அடங்கிவிடும்.

இனி சாமான். முதல் தப்பு நான் செய்தது. விமர்சன வீடியோக்களைப் பார்த்து மயங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கண்டென்சர் மைக் வாங்கி வந்தேன். நல்ல மைக்தான், ரொம்ப நல்ல மைக், அதுதான் பிரச்சினை. பக்கத்து வீட்டு போர் மோட்டார், தெருமுனைப் பால்காரர் ஹாரன், எங்கள் வீட்டு குக்கர் விசில், எல்லாம் என் குரலைவிடத் தெளிவாகப் பதிவானது. அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு 3,400 ரூபாய்க்கு ஒரு டைனமிக் மைக் வாங்கினோம். வாயை ஒட்டி வைத்துப் பேச வேண்டும், தூரத்துச் சத்தத்தை அவ்வளவாக இழுக்காது. மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி 5,800, ஹெட்ஃபோன் 1,900, ஸ்டாண்டு, மைக்குக்கான எக்ஸ்எல்ஆர் கேபிள், மூச்சுக்காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் பாப் ஃபில்டர் எல்லாம் சேர்ந்து 1,400. வெளியே போய்ப் பேட்டி எடுக்க மொபைலில் செருகும் காலர் மைக் 700. ஆக மொத்தம் 13,200. எடிட்டிங்குக்குப் பழைய லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற மென்பொருள், அது இலவசம்.

முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அம்மாவின் பீரோவை இரண்டு கதவும் திறந்து, அடுக்கியிருக்கும் புடவைகளைப் பார்த்தபடி உட்கார்ந்து பேசினால் எதிரொலி சுத்தமாக அடங்கிவிடுகிறது. ஃபேனை மட்டும் நிறுத்த வேண்டும். சித்திரை மாதத்தில் அது ஒரு தவம்.

பணத்தைவிட அதிகம் குழப்பியது பாட்டு. நிகழ்ச்சிக்கு நடுவே ரெண்டு சினிமாப் பாட்டைப் போட்டால் தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தோம். எழுதியவர், இசையமைத்தவர் உரிமை ஒரு பக்கம், ஒலிப்பதிவின் உரிமை இன்னொரு பக்கம், இரண்டுக்கும் தனித்தனியாக உரிமத் தொகை. "முப்பது செகண்டுக்குக் கீழே போட்டா பரவாயில்லை" என்பது சும்மா வாய்வழியாகச் சுற்றும் கதை, சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே இல்லை. அதனால் சினிமாப் பாட்டே வேண்டாம் என்று முடிவு செய்து பெரியம்மாவிடம் நடவுப் பாட்டு கேட்கப் போனோம். பாட்டு ஊர்ப் பாட்டு, யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் பாடுபவருக்கு அவர் பாடியதன்மேல் உரிமை உண்டு. ஆகவே தமிழில் ஒரு பக்க ஒப்புதல் தாள் தயார் செய்து நீட்டினோம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டு, "வீட்டுப் பத்திரம் ஏதும் இல்லியேடா?" என்று கேட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து, செய்தி. நாங்கள் "ஊர்ச் செய்திகள்" என்று ஒரு பகுதி வைத்திருந்தோம், நிலையத்தில் அதைப் பார்த்ததுமே அடித்துவிட்டார்கள். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது, அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். ஆனால் வானிலை, கரண்ட் எப்போது நிற்கும், தண்ணீர் எப்போது வரும், திருவிழா, பரீட்சை முடிவு, வேலை வாய்ப்பு இவை செய்திக் கணக்கில் சேராது. "ஊர்த் தகவல்" என்று பேரை மாற்றினோம். வார்டு கவுன்சிலரைப் பற்றி மச்சான் ஆசையாக எழுதி வைத்திருந்த ஒரு பக்கம் மட்டும் போயிற்று.

விளம்பரம் பற்றியும் கேட்பீர்கள். சமுதாய வானொலிக்கு மணிக்கு 7 நிமிடம் என்றிருந்ததை அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதலில் 12 ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பணம் நிலையத்துக்கு, நமக்கு இல்லை. நமக்குப் பெட்ரோலும் டீயும்தான், அதுவும் கைக்காசு. அரை மணி நேரத்தை வெட்டி ஒட்ட ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போகிறது, அதற்கு என்ன விலை போடுவது என்று தெரியவில்லை.

முதல் நிகழ்ச்சி அன்று பெரியம்மா வீட்டில் கூடினோம். நிலையத்துக்கு அனுமதித்த சக்தி 100 வாட்தான், பத்து கிலோமீட்டர் தாண்டுவதே பெரிது, எங்கள் ஊர் எட்டாவது கிலோமீட்டரில் இருக்கிறது. எல்லோரும் மொபைலை எடுத்தோம். ஒன்றில் எஃப்எம்மே இல்லை, இன்னொன்றில் இருந்தது, ஆனால் ஒயர் ஹெட்செட்டைச் செருகினால்தான் எடுக்கும், அந்த ஒயர்தான் ஆன்டெனா. ஒயர் ஹெட்செட் அந்த வீட்டில் யாரிடமும் இல்லை. மச்சான் வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு ஓடி ஒரு ரேடியோப் பெட்டி வாங்கி வந்து ஏரியலை இழுத்து ஜன்னலில் வைப்பதற்குள் பெரியம்மாவின் பாட்டில் பாதி போய்விட்டது.

பெட்டி 650 ரூபாய். மேலே சொன்ன 13,200ல் அது சேரவில்லை.