55 ரிங்கிட் ரயிலா, 15 ரிங்கிட் பஸ்ஸா? கோலாலம்பூரில் இறங்கிய கதை

ஒருவருக்கு 55 ரிங்கிட். ரிங்கிட்டுக்கு இருபது ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டால் 1,100 ரூபாய். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் அரை மணி நேர ரயிலுக்கு இந்தக் காசு! திருச்சியிலிருந்து சென்னைக்குக் குளிர்சாதனப் பெட்டியில் படுத்துக்கொண்டே போய், மிச்சத்தில் எழும்பூரில் டிபனும் சாப்பிட்டுவிடலாம். கூட வந்த அத்தையிடம் தொகையைச் சொன்னதும், “ரயிலை விலைக்கே தருகிறார்களா?” என்று கேட்டார்.

ரயிலின்மேல் குறை ஒன்றும் இல்லை. கே.எல்.ஐ.ஏ. (கோலாலம்பூர் விமான நிலையம்) எக்ஸ்பிரஸ் என்ற அந்த ரயில் 2002 முதல் ஓடுகிறது. முதல் முனையத்திலிருந்து, நகரத்தின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரல் வரை 57 கிலோமீட்டரை 28 நிமிடத்தில் கடக்கிறது. எங்களைப் போல மலிவு விமானத்தில் வந்து இரண்டாம் முனையத்தில் இறங்குபவர்களுக்கு 33 நிமிடம். நடுவில் எங்கும் நிற்காது, நெரிசல் கிடையாது. எல்லாம் சரிதான். ஆனால் அது கம்பெனிச் செலவில் வருகிறவர்களுக்கு வைத்த விலை. சொந்தக் காசில் வருகிறவர்களுக்குக் கீழ்த்தளத்தில் பஸ் நிற்கிறது, 15 ரிங்கிட்.

கே.எல். என்கிற கோலாலம்பூரில் எங்கே தங்குவது, எப்படிப் போவது என்று கேட்டவர்களுக்காக வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். விசாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரிலிருந்து இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் முப்பது நாள் வரை விசா இல்லாமல் போய்வரலாம். மலேசியாவில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை, உடனே மூடிவிடுங்கள்.

அடுத்தது நடை. 2014இல் திறந்த இந்த இரண்டாம் முனையம் மலிவு விமானங்களுக்காகவே கட்டியது. மலிவாக டிக்கெட் வாங்கியவர்களிடம் மிச்சக் காசை நடையாக வசூலித்துவிடுகிறார்கள். விமானத்தின் கதவிலிருந்து குடியேற்ற வரிசைக்குப் போவதற்குள் அத்தைக்கு முட்டி பிடித்துக்கொண்டது. நகரும் நடைபாதைகள் இருக்கின்றன, ஆனால் போதாது. வயதானவர்களோடு வந்தால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு வைத்துவிடுங்கள். இதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

குடியேற்றத்தையும் பெட்டியையும் முடித்து வெளியே வந்தால் நேராக ஒரு வணிக வளாகத்துக்குள் நுழைகிறோம். விமான நிலையமா, கடைத்தெருவா என்று தெரியாத அளவுக்குக் கடைகள். பணம் மாற்றுமிடங்களும் வரிசையாக இருக்கின்றன. பஸ்ஸுக்கும் ஒரு தேநீருக்கும் போதுமானதை மட்டும் இங்கே மாற்றுங்கள். ஊருக்குள் போனால் விகிதம் நன்றாகவே கூடும். நாங்கள் தங்கிய பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற ‘லிட்டில் இந்தியா’ பகுதியில் தமிழிலேயே பேரம் பேசி மாற்றலாம்.

பஸ் நிறுத்தம் அதே வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. பலகையைப் பார்த்துக்கொண்டே போனால் டிக்கெட் ஜன்னல்கள் வரும். பல கம்பெனிகள், பல ஊர்கள். மலாக்காவுக்கும் ஈப்போவுக்கும்கூட இங்கிருந்தே நேராகப் போகலாம். கே.எல். சென்ட்ரல் என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன். ஜன்னலுக்குள் இருந்த பெண் என் பின்னால் நின்ற அத்தையின் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்துவிட்டு, ஆளுக்குப் பதினைந்து வெள்ளி (ரிங்கிட்டை அங்கே தமிழில் அப்படித்தான் சொல்கிறார்கள்), இரண்டாம் எண் மேடை, பத்து நிமிடத்தில் வண்டி எடுத்துவிடுவார்கள் என்று தமிழில் சொன்னார். அத்தையின் முகத்தில் அப்போதுதான் களை வந்தது. எந்த ஊர், எத்தனை தலைமுறை, கல்யாணம் ஆகிவிட்டதா என்று அவர் ஆரம்பித்ததும் நான் இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று.

பத்து நிமிடம் என்றார்கள், முப்பது நிமிடம் கழித்துத்தான் வண்டி நகர்ந்தது. இருக்கை நிரம்பும்வரை காத்திருந்தார்கள். நிரம்பவில்லை. அதனால் முதல் முனையத்திலும் போய் நின்று ஆள் தேடினார்கள். என் இருக்கை பின்னால் சாய்ந்தது, சாய்ந்தபடியே நின்றுவிட்டது. குளிர் வேறு. மலேசியாவில் பஸ்ஸின் ஏ.சி.யைக் குறைப்பது சட்டவிரோதமோ என்னவோ, தலைக்கு மேலிருந்த துவாரத்தின் மூடியைக் காணோம். அத்தை புடவைத் தலைப்பைத் தலையில் சுற்றிக்கொண்டார். பிறகு என் துண்டைக் கேட்டார். பிறகு துவாரத்தில் விமானத்தில் கொடுத்த உணவுப் பையைச் சுருட்டிச் செருகினார். அதற்கப்புறம்தான் எங்களால் பேச முடிந்தது.

ஜன்னலுக்கு வெளியே செம்பனை, அதாவது பாமாயில் மரம். இரு பக்கமும் மைல் கணக்கில் அதே மரம், அதே வரிசை. அத்தையின் பெரிய தாத்தா ‘பால்மரம் வெட்ட’ மலாயாவுக்குப் போய்த் திரும்பி வராதவர். அதனால் அத்தை ரப்பர் மரத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார். விமான நிலையம் இருக்கும் சிப்பாங் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து காலம் ஆகிவிட்டது. செம்பனைக்கும் நடுவே நெடுஞ்சாலை வந்து, இப்போது வீட்டுமனைக் கட்டடங்களும் வந்துகொண்டிருக்கின்றன. நகரத்தை நெருங்கியதும் காலை நெரிசல். ஒரு மணி நேரம் என்று எழுதியிருந்த பயணம், காத்திருப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இழுத்தது.

இருந்தும் பஸ்தான் சரி என்பேன். இரண்டு பேருக்கு 80 ரிங்கிட் மிச்சம். 1,600 ரூபாய். நாங்கள் போட்டிருந்த ஹோட்டலில் அது ஓர் இரவு வாடகையில் பாதிக்கு மேல்.

பிரச்சினை அதற்கப்புறம்தான். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வருவது எளிது. நகரத்திலிருந்து ஹோட்டல் வாசலுக்குப் போகும் அந்தக் கடைசி முக்கால் கிலோமீட்டர்தான் ஆளைக் கொல்கிறது. பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லோரும் ‘கே.எல். சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரம்’ என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். பெட்டி இல்லாமல், முட்டிவலி இல்லாமல், வெயில் இல்லாமல் இருந்தால் நடக்கும் தூரம்தான்.

பஸ் இறக்கிவிடுவது கட்டடத்தின் அடியில், புகையும் இருட்டுமான ஓரிடத்தில். இறங்கிப் பெட்டியை எடுப்பதற்குள் ஒருவர் வந்து நின்றார். பிரிக்ஃபீல்ட்ஸா, வாருங்கள், 25 வெள்ளி என்றார். கைபேசியில் பார்த்தேன், கிராப் என்ற வாடகைக் கார் செயலி 6 ரிங்கிட் காட்டியது. மீட்டர் போடுவீர்களா என்று கேட்டேன். மீட்டர் கெட்டுவிட்டதாம். மீட்டர் கெட்டுப்போவதில் உலக ஓட்டுநர்களுக்குள் ஓர் உடன்படிக்கை இருக்கிறது போல. பெட்டி பெரியது, சாலை ஒருவழி, சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று காரணங்களை அடுக்கினார். பிறகு 20, பிறகு 15. அத்தை அவர் முகத்தைப் பார்த்து, பஸ்ஸில் அங்கிருந்து இங்கே வரவே பதினைந்துதான் கொடுத்தோம் என்றார். மனிதர் சிரித்துவிட்டு அடுத்த பயணியிடம் போய்விட்டார். அந்த இளைஞர் 25 கொடுத்து ஏறியதையும் பார்த்தோம்.

கிராப் போட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடத்தில் கார் வந்து ஏற்றும் இடம் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே தனி வேலை. வெளிநாட்டு சிம் இன்னும் வேலை செய்யவில்லை, கட்டடத்தின் இலவச வைஃபை வாசலோடு நின்றுவிடும். நடந்துவிடலாம் என்று அத்தையே முடிவு செய்தார்.

வழி இதுதான்: நகரும் படிக்கட்டில் ரயில் நிலையக் கூடத்துக்கு ஏறுங்கள். அங்கிருந்து மோனோரயில் என்று எழுதிய பலகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது உங்களை நு சென்ட்ரல் என்ற வணிக வளாகத்துக்குள் கொண்டுபோய், மறுபக்கம் ஜாலான் துன் சம்பந்தன் சாலையில் விடும். மோனோரயில் ஏற வேண்டியதில்லை, பலகை மட்டும்தான் நமக்குத் தேவை. ‘லிட்டில் இந்தியா’ வளைவுகளும் கேசட் கடை காலத்துச் சத்தத்தோடு பாட்டுப் போடும் கடைகளும் வந்துவிட்டால் சரியான இடம்.

நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் புடைத்த ஓடுகள் பதித்திருக்கிறார்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு தனியாக நடந்து போகிறவர்களை இங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். அந்த ஓடுகளின்மேல் பெட்டிச் சக்கரம் கடகடவென்று துள்ளியது. ஒருவர் கோலைத் தட்டிக்கொண்டு எதிரே வந்தார். நாங்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓரம் ஒதுங்கினோம். சத்தத்தை வைத்தே கண்டுகொண்டார் போலிருக்கிறது, நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அதே ஓடுகளை மறித்து மோட்டார் சைக்கிள்களை நிறுத்தியிருந்தவர்களை என்ன சொல்ல?

பூக்கடை வைத்திருந்த அம்மாள் எங்கள் ஹோட்டலுக்குப் போகும் சந்து எது என்று காட்டினார். அத்தைக்கு ஒரு முழம் மல்லிகையும் விற்றார். விலையைக் கேட்டு நான்தான் அதிர்ந்தேன். அத்தை ரூபாயாக மாற்றிப் பார்க்கவே இல்லை.

ஹோட்டலில் இன்னொரு செலவு காத்திருந்தது. வெளிநாட்டுப் பயணிகள் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும். 2017 முதல் இருக்கும் அரசு வரிதான், ஏமாற்று இல்லை. ஆனால் முன்பதிவுத் தளத்தில் கட்டிய தொகைக்குள் அது பல நேரங்களில் அடங்காது, அப்போது நேரில் தனியாகக் கேட்பார்கள். மலிவு அறை தேடுகிறவர்கள் இதையும் கூட்டிக்கொண்டு பார்க்க வேண்டும்.

இத்தனை எரிச்சலும் வாழையிலை விழுந்ததும் போய்விட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை இருக்கும். நாங்கள் போனது மின்விசிறி மட்டும் சுற்றும் ஒரு சாதாரணக் கடை. சோறு, மூன்று காய், பருப்பு, அப்பளம். குழம்பு மட்டும் கேட்கிறார்கள்: மீனா, கோழியா, சாம்பாரா? நான் மீன் குழம்பு வாங்கினேன். நம் ஊர்ப் புளிக்குழம்பு இல்லை. கொஞ்சம் இனிப்பு, கறிவேப்பிலை தாராளம், எண்ணெய் மேலே மிதக்கிறது. பாகற்காயை வட்டமாக அரிந்து மாவில் புரட்டி மொறுமொறுவென்று பொரித்துப் போட்டார்கள். கசப்பு நாக்கில் படுவதற்குள் நொறுங்கிவிடுகிறது. பாகற்காயை வாழ்நாள் முழுக்க ஒதுக்கிய அத்தை மூன்று தடவை கேட்டு வாங்கினார். மூன்று தடவையும் முகம் சுளிக்காமல் போட்டார்கள். ரசம் தம்ளரில் வந்தது, மிளகு தொண்டையைப் பிடித்தது, பஸ்ஸின் குளிர் அப்போதுதான் உடம்பை விட்டு இறங்கியது. மீன் துண்டோடு எனக்கு 17 ரிங்கிட், காய்கறிச் சாப்பாட்டுக்கு அத்தைக்கு 11. இரண்டையும் சேர்த்தாலும் ரயிலில் ஒருவருக்கு ஆகும் காசில் பாதிதான் என்று அத்தை கணக்குச் சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு எல்லா விலைக்கும் அந்த ரயில்தான் அளவுகோல்.

பஸ் யோசனை எல்லோருக்கும் பொருந்தாது. மூன்று நான்கு பேர் சேர்ந்து வந்தால் விமான நிலையத்திலிருந்தே கிராப் போடுங்கள். நான் பார்த்தபோது பிரிக்ஃபீல்ட்ஸுக்கு 75 ரிங்கிட் அளவில் காட்டியது, சுங்கம் தனி. நான்கு பேர் ரயிலுக்குக் கொடுப்பது 220. வாசலிலேயே இறங்கலாம், அந்த முக்கால் கிலோமீட்டரும் மிச்சம். தனியாக, முதுகுப் பையோடு வருகிற இளைஞர்களுக்கு இன்னொரு வழி உண்டு. நின்று நின்று போகும் கே.எல்.ஐ.ஏ. டிரான்சிட்டில் ஏறிப் புத்ராஜெயாவில் இறங்கி, 2023இல் முழுமையாகத் திறந்த எம்.ஆர்.டி. என்ற மெட்ரோ ரயில் பாதையில் மாறினால் குறைந்த காசில் நகரத்துக்குள் வந்துவிடலாம். கே.எல். சென்ட்ரல் போக வேண்டுமென்றால் அதிலும் ஒரு முறை மாற வேண்டும். அத்தையோடு அந்தச் சோதனைக்கு நான் தயாராக இல்லை.

திரும்பும்போது ஹோட்டலிலிருந்து நிலையம் வரை கிராப், அங்கிருந்து அதே பஸ். இந்த முறை அத்தை போர்வையோடு வந்தார். ஏறும்போது எந்த முனையம் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டும் அடுத்தடுத்த கட்டடங்கள் இல்லை, தவறி இறங்கினால் 2 ரிங்கிட் கொடுத்து ரயில் பிடித்து மாற வேண்டியிருக்கும். எங்கள் பஸ்ஸில் திருச்சிக்குப் போகிற இரண்டு பையன்கள் முதல் முனையத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அத்தை அவர்களுடைய டிக்கெட்டை வாங்கிப் பார்த்து, உட்காருங்கள், நம் விமானம்தான் என்று அதட்டி உட்காரவைத்தார்.