தரங்கம்பாடி நாய்களுக்கும் பூனைகளுக்கும் கருத்தடை: நாங்கள் செய்த விதம்

தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் கோட்டையைப் படம் எடுப்பார்கள், கடலில் கால் நனைப்பார்கள், பிறகு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நாய்க்குப் போடுவார்கள். சனி, ஞாயிறு வந்தால் டேனிஷ் கோட்டை வாசலில் நாய்களுக்கு விருந்து. திங்கட்கிழமை பட்டினி. அந்தப் பசியோடு அவை தெருக் குப்பையைக் கிளறும், ராத்திரி பைக்கில் போகிறவரைத் துரத்தும். நான் அங்கே மூன்று அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். காலையில் நாய்க்கு ரொட்டி போட்ட அதே விருந்தாளி, "ராத்திரி பூரா குரைக்குது, தூங்கவே முடியலை" என்று வாடகையில் குறைக்கச் சொன்னதும் நடந்திருக்கிறது.

நாமே வண்டி பிடித்து நாய்களை ஏற்றிக்கொண்டு போய் முடித்துவிடும் வேலை இல்லை இது. 2023 மார்ச்சில் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்க்குக் கருத்தடை செய்வதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் உள்ளாட்சியின் பொறுப்பு. அந்த வேலையை எடுத்துச் செய்கிற அமைப்புக்கு இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் இருக்க வேண்டும். பிடித்த இடத்திலேயே திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும்.

ஆகவே மனு. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "நாய்த் தொல்லை" என்று தலைப்புப் போட்டால் அது புகார்க் கட்டில் போய்ச் சேரும். நாங்கள் "கருத்தடையும் தடுப்பூசியும் கோரி" என்று எழுதி, தெருவாரியாக ஒரு பட்டியலை இணைத்தோம்: எந்தத் தெரு, என்ன நிறம், ஆணா பெண்ணா, குட்டி இருக்கிறதா, யார் சோறு போடுகிறார்கள். கைபேசியில் எடுத்த படமும் உண்டு. ஒரு நகல் கால்நடை பராமரிப்புத் துறைக்கு, இன்னொன்று திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கு. நாள் ஆனது, அலைச்சலும் உண்டு. ஆனால் பட்டியலைப் பார்த்த பிறகு யாரும் "எத்தனை இருக்கும், எங்கே இருக்கும்" என்று கேட்கவில்லை. பேச்சு நேராக வண்டிக்கும் தேதிக்கும் வந்துவிட்டது.

அதைவிட முக்கியமான அனுமதி மீனவர் தெருவில் இருந்தது. கரையில் ஏற்றி வைத்த படகுக்கும் வலைக்கும் ராத்திரிக் காவல் நாய்கள்தான். பஞ்சாயத்தாரிடம் போய்ச் சொன்னபோது ஒரு பெரியவர் கேட்டார்: "ஏம்மா, கடுவனுக்கு அறுத்துட்டா அது அப்புறம் காவல் காக்குமா, மூலையில சுருண்டு படுத்துக்குமா?" பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற ஆச்சி, "வம்சத்தை அறுக்குறது பாவம்டீ" என்றார். நான் வாதாடவில்லை. கருத்தடைக்குப் பிறகு கடுவன் பெட்டைக்காக ஊர் சுற்றுவதும் சண்டை போடுவதும் குறையும், தன் இடத்தைக் காக்கிற குணம் போகாது என்று மட்டும் சொல்லி, எல்லோருக்கும் தெரிந்த ஒரு படகுத்துறை நாயை முதல் ஆளாக அனுப்பச் சம்மதம் வாங்கினேன். அது திரும்பி வந்து பழையபடி அந்நியரைக் கண்டு குரைத்த பிறகு மற்றவர்கள் அவரவர் நாயைத் தாங்களே பிடித்துக் கொடுத்தார்கள்.

எந்த மாதம் என்பதையும் யோசிக்க வேண்டும். மார்கழி நாய் என்று நம் ஊரில் சும்மா சொல்லவில்லை. மார்கழியில் சேர்ந்தால், சுமார் 63 நாள் சினைக்காலம் போக, மாசியில் குட்டி. அதற்கு முன்னால் முடிக்கலாம் என்றால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. டெல்டாவில் அந்த இரண்டு மாதமும் தரை காயாது; வயிற்றில் தையலோடு வந்த பெட்டை ஈரத்தில் படுத்தால் புண் சீழ் பிடிக்கும். ஆகவே ஆடி, ஆவணியை விட்டால் வேறு வசதியான காலம் இல்லை என்பது என் கணக்கு. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியையும் பால் கொடுக்கிற தாயையும் பிடிக்கக் கூடாது. அவற்றைப் பட்டியலில் தனியாகக் குறித்து அடுத்த முறைக்கு ஒதுக்கினோம்.

பிடிப்பது சோறு போடுகிறவரால்தான் முடியும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். வெளியூர் ஆள் வலையோடு இறங்கினால் முதல் நாய் கத்துகிற கத்தலில் மற்ற எல்லாம் சவுக்குத் தோப்புக்குள் ஓடிவிடும். நாங்கள் முன்கூட்டியே ஆங்காங்கே போடுகிற சோற்றை நிறுத்தி, குழந்தைகள் விளையாடாத ஓர் இடத்தில், ஒரே நேரத்தில் வைக்கப் பழக்கினோம். பிடிக்கிற அன்று சோறு போடும் அக்கா கூப்பிட்டார், வந்தன. பையன்கள் உற்சாகத்தில் நைலான் வலையைக் கொண்டுவந்தார்கள். அந்த மெல்லிய நரம்பு காலை அறுத்துவிடும் என்று திருப்பி அனுப்பிவிட்டு, அமைப்புக்காரர்கள் வைத்திருந்த தடித்த கயிற்று வலையைத்தான் பயன்படுத்தினோம். குட்டியானை வண்டியில் கூண்டுகள், மேலே ஈரச் சாக்கு. மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்பதால் முந்தின இரவுக்குப் பிறகு தீனி கிடையாது.

நாயைத் தொடப் போகிறவர்கள் முதலிலேயே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது: முதல் நாள், 7ஆம் நாள், 21 அல்லது 28ஆம் நாள் என மூன்று ஊசி. அதற்குப் பிறகும் பல் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்று ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று என இரண்டு ஊசி போட வேண்டும். மஞ்சள் தடவுகிறேன், மிளகாய்த்தூள் வைக்கிறேன் என்று வருகிறவர்களை அருகில் விடாதீர்கள்.

நாலைந்து நாள் மையத்தில் வைத்திருந்து, காதில் சின்ன வெட்டோடு திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். கருத்தடை ஆகிவிட்டது என்பதற்கு, மயக்கத்தில் இருக்கும்போதே போடுகிற அடையாளம் அது. அடுத்த வாரமே ஒரு விருந்தாளி, "யாரோ பாவி நாய் காதை அறுத்திருக்கான்" என்று கண் கலங்கினார். இப்போது வரவேற்பு மேசையில் இதை விளக்கி ஓர் அட்டை வைத்திருக்கிறேன்.

பூனை வேறு கதை. எங்கள் ஊரில் பூனைக்கு வண்டி எதுவும் வரவில்லை. நாங்களே கூண்டு வாங்கி, தனியார் மருத்துவரிடம் கொண்டுபோனோம். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போகிறவர்களும் உண்டு. பூனைக்கு மார்கழி, மாசி என்று கணக்கில்லை. நாலைந்து மாதத்திலேயே சினையாகும், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினையாகும். மீன் இறங்குகிற ஊரில் அதைக் கூண்டுக்குள் வரவைப்பதுதான் பாடு. கரையெல்லாம் மீன் கிடக்கையில் உங்கள் நெத்திலியை எது சீந்தும்? எங்களுக்குக் கைகொடுத்தது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. ஃபைபர் படகு கொண்டுவருகிற கொஞ்ச மீனில் பூனைக்கு மிச்சம் விழாது. கதவு விழாதபடி திறந்து கட்டி வைத்த கூண்டுக்குள் சில நாள் சும்மா தீனி வைத்தோம். பழகிய பிறகு கட்டை அவிழ்த்துவிட்டு, கருவாட்டை உள்கோடியில் வைத்தோம். கதவு விழுந்த நொடியில் துணியால் மூடிவிட வேண்டும், இருட்டானால் அடங்கிவிடும். அறுவைக்குப் பிறகு பூனையின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துபோகும், வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

எல்லாம் முடிந்த பிறகு, 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் புது உத்தரவு போட்டது. பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடித்த நாயை அங்கேயே திரும்ப விடக் கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்கிறது அது. இனிமேல் மனு எழுதுகிறவர்கள் அந்த இடத்து நாய்களைத் தனிப் பட்டியலாகப் போடுங்கள். காப்பகம் எங்கே என்ற கேள்வியையும் அந்த மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னும் பிடிபடாத சில பூனைகள் கோட்டை மதில் பக்கம் திரிகின்றன, அடுத்த தடைக்காலத்துக்குக் கூண்டு தயார். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட் போட வேண்டாம், சாக்லேட் வேண்டவே வேண்டாம். காதில் வெட்டு இல்லாத நாயைப் பார்த்தால் படம் எடுத்து, எந்தத் தெரு என்று குறித்துப் பக்கத்து டீக்கடையில் காட்டுங்கள். எங்களுக்கு வந்துவிடும்.