யாரைக் கேட்டுடா நிறுத்துன?

போன வருஷம் கத்திரி வெயில் சமயம், ராத்திரி 2.40க்கு, நான் மேனேஜரா இருக்கற ஷாப்போட நைட் ஷிப்ட்லேருந்து மெஷின் ஓட்டற பையன் போன். "சார், நோ-கோ எறங்குது, லைனை நிறுத்திட்டேன்"னான். நோ-கோன்னா ஓட்டை பெருசாயிடுச்சான்னு பாக்கற கேஜ், அது உள்ள எறங்கினா பீஸ் ரிஜெக்ட். தூக்கத்துலேருந்து எழுந்து உக்காந்து நான் கேட்ட முதல் கேள்வி, "யாரைக் கேட்டுடா நிறுத்துன?"

எப்பவும் தம்பின்னுதான் கூப்பிடுவேன், அன்னிக்கு டா வந்துடுச்சு. அந்தப் பக்கம் நாலஞ்சு செகண்ட் பேச்சே இல்ல, கம்ப்ரஸர் ஓடுற சத்தம் மட்டும் கேட்டுது. அப்புறம் மெதுவா, "போர்டுல போட்டிருக்கே சார்"னான்.

போர்டு நான் வெச்சது. சந்தேகம் வந்தா நிறுத்து, யாரையும் கேக்க வேணாம். பெயிண்டர் பக்கத்துல நின்னு எழுத வெச்சேன், ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு செவப்பு லைட், கைக்கு எட்டுற மாதிரி சுவிட்ச். அவன் என்னை மடக்கணும்னு அதைச் சொல்லல, குரல்லயே தெரிஞ்சுது. 23 வயசுப் பையன், நெஜமாவே குழம்பிப் போய் சொன்னான். அதுக்கு நான், "போர்டு இருக்கட்டும், அஞ்சரை மணி லாரிக்கு யாரு பதில் சொல்றது"ன்னு கேட்டுட்டு போனை வெச்சுட்டேன்.

இன்னொன்னையும் சொல்லிடணும், இல்லன்னா கதை ஒரு பக்கமா சாஞ்சுடும். அன்னிக்கு நிறுத்தவே தேவையில்ல. பீஸ்ல குடையற ஓட்டை, அதாவது போர், 22 மில்லி; அளவு மாற விடற டாலரன்ஸ் மொத்தமே 21 மைக்ரான், ஒரு மைக்ரான்னா மில்லியில ஆயிரத்துல ஒரு பங்கு. கூலண்டைக் குளிர வெக்கற சில்லர் ரெண்டு நாளா மக்கர், அதனால கூலண்ட் சூடு, மெஷின்லேருந்து எடுக்கற பீஸே கையில வெதுவெதுன்னு இருந்திருக்கு. அலுமினியம் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டர்ல 23 மைக்ரான் விரியும், இந்த போருக்கு கணக்கு போட்டா 10 டிகிரி ஏறுனாலே 5 மைக்ரான், ஸ்டீல் கேஜ் அதுல பாதிதான் விரியும், அதனால சூட்டுல நோ-கோ உள்ள எறங்கத்தான் செய்யும். அளவுன்னா 20 டிகிரியில எடுத்த அளவுதான்னு உலகம் பூரா வெச்சிருக்கறதே இதுக்குத்தான். காலையில அதே பீஸ்களை ஸ்டாண்டர்ட்ஸ் ரூம்ல ஆற வெச்சுப் பாத்தா நோ-கோ வாயிலயே நிக்குது. 22.016. அத்தனையும் ஓகே பீஸ்.

அதுக்குள்ள லாரி போயிடுச்சு. தனி வண்டி பிடிச்சு அம்பத்தூர்லேருந்து ஒரகடத்துக்கு அனுப்பினோம், கஸ்டமர் லைன் நிக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி போய் சேந்துது. நின்னிருந்தா நஷ்டத்தை எங்க தலையில கட்டற டெபிட் நோட் வந்திருக்கும், எம்.டி கிட்ட நான்தான் நின்னிருக்கணும். அதனால நான் கேட்டது அவ்வளவு பெரிய தப்பான்னு பல நாள் எனக்கு நானே வாதாடியிருக்கேன். நிறுத்தறதுக்கு முன்னாடி பீஸை கொஞ்சம் ஆற வெச்சு இன்னொரு தடவ பாருன்னு சொல்றது நியாயம்தானே. ஆனா நான் அதைச் சொல்லலையே. பீஸ் சூடா இருக்கான்னு கேட்டிருந்தாலே ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். எனக்குத் தெரிஞ்ச விஷயம் அது, இருவது வருஷமா தெரியும். அதைக் கேக்காம யாரைக் கேட்டன்னு கேட்டேன்.

இந்த நிறுத்தற பழக்கம் டொயோட்டாலேருந்து வந்ததுன்னு நம்ம பக்கத்துல எல்லாருக்கும் தெரியும். சென்னை பாடியில இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் டிவிஷன் 1998ல, தரத்துக்கு ஜப்பான்ல குடுக்கற டெமிங் பரிசு வாங்கினதுலேருந்து அம்பத்தூர் எஸ்டேட்ல சின்ன ஷாப் கூட இதெல்லாம் பேச ஆரம்பிச்சுது. நானும் டிரெயினிங்ல கேட்டுட்டு வந்து லைட்டை மாட்டினவன்தான். ஆனா டொயோட்டால, சந்தேகம் வந்தா இழுக்கறதுக்கு ஒரு கயிறு இருக்கும், அதை இழுத்த உடனே லைன் நிக்காது. லைட் எரியும், டீம் லீடர் ஓடி வருவாரு, வண்டி அந்த ஸ்டேஷனைத் தாண்டறதுக்குள்ள ரெண்டு பேரும் சேந்து சரி பண்ண பாப்பாங்க, முடியலன்னாதான் நிக்கும். அந்தக் கயிறு முதல்ல ஒரு ஆளைக் கூப்பிடறதுக்கு. நான் லைட் வாங்கினேன், சுவிட்ச் வாங்கினேன், வர்ற ஆளை வெக்கல. நைட்ல மூணு லைனுக்கும் சேத்து ஒரே சூப்பர்வைசர், அவரும் அன்னிக்கு சில்லர் பக்கத்துல எலக்ட்ரீஷியனோட நின்னுட்டு இருந்தாரு. அந்தப் பையன் லைட் போட்டுட்டு பத்து நிமிஷம் பாத்திருக்கான், யாரும் வரல, அப்புறம்தான் நிறுத்திட்டு எனக்கு அடிச்சிருக்கான். இது எனக்கு மறுநாள்தான் தெரியும்.

தப்புல 94 சதவீதம் சிஸ்டத்தோடதுன்னு, அந்தப் பரிசுக்குப் பேர் குடுத்த தர நிபுணர் டெமிங் சொன்னதை நான் மீட்டிங்ல எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். இப்ப இதை எழுதும்போதும் ஆள் போடாததுதான் பிரச்சனைன்னு சொல்லிட்டா மனசு லேசாகுது, அதுதான் உறுத்துது. சிஸ்டத்தை வெச்சவன் நான். அதோட, அந்த டா எந்த சிஸ்டத்துலேருந்து வந்துச்சு?

ரெண்டு நாள் கழிச்சு ஷிப்ட் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் "தம்பி நிறுத்துனது தப்பே இல்ல, சந்தேகம் வந்தா நிறுத்துங்க"ன்னு சொன்னேன். நான் போன்ல கேட்டதை மட்டும் சொல்லல. அவன் கடைசி வரிசையில கையில இருந்த வேஸ்ட் துணியை மடிச்சு மடிச்சு பிரிச்சுட்டு இருந்தான், நிமிரவே இல்ல. பக்கத்துல நின்ன பசங்க அவனைப் பாத்தாங்க, என்னைப் பாக்கல. நான் என்ன கேட்டேன்னு அன்னிக்கு ராத்திரியே கேன்டீன்ல ஓடியிருக்கும்.

அதுக்கு முன்னாடி வாரத்துக்கு மூணு நாலு தடவையாவது செவப்பு லைட் எரியும். அடுத்த ரெண்டு மாசத்துல மொத்தமே ரெண்டு தடவ. ரிஜெக்ஷன் கிராஃபும் எறங்குச்சு, கஸ்டமர் கம்ப்ளைன்ட் ஒண்ணும் இல்ல, ரிவ்யூல எம்.டி என் பேரைச் சொல்லி நல்லா நடத்தறீங்கன்னு பாராட்டினாரு. நானும் நன்றி சார்னு உக்காந்துட்டேன். சில்லரை சரி பண்ணோம், டூல் மாத்தற இடைவெளியைக் குறைச்சோம், அதனாலயும் எறங்கியிருக்கலாம், உண்மையாவே அப்படி இருக்கலாம். பசங்க பயந்து சந்தேகப் பீஸை ஓகே ட்ரேல போட்டிருந்தா கஸ்டமர் கிட்டேருந்து திரும்பி வந்திருக்கணுமேன்னும் நெனக்கறேன். ஆனா ரெண்டு மாசத்துல இவ்வளவு நல்லா ஆகற அளவுக்கு நாங்க எதுவும் பண்ணல, எனக்குத் தெரியும்.

அந்தப் பையன் ஆகஸ்ட்ல பேப்பர் போட்டான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி, 3,000 ரூபா கூட. "அன்னிக்கு பேசுனது மனசுல இருக்காப்பா"ன்னு கேட்டேன். "சேச்சே, சம்பளம்தான் சார், தங்கச்சி காலேஜ் சேர்றா"ன்னான். நம்பறேன். 3,000 ரூபா அவன் வீட்டுக்குப் பெரிய காசு. ஆனா வேற எதுவா இருந்தாலும் அவன் இதையேதான் சொல்லியிருப்பான்.

போன வாரம் வேற எதுக்கோ லாக் புக் தேடும்போது பழைய பக்கங்களைப் பாத்தேன். முன்னாடியெல்லாம் "2.35 நிறுத்தம், போர் சந்தேகம்" அப்படின்னு ஒரு வரி இருக்கும். ஜூன்லேருந்து ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பக்கத்துல "சூப்பர்வைசரைக் கேட்டு நிறுத்தியது", "மேனேஜரைக் கேட்டு நிறுத்தியது"ன்னு எழுதியிருக்காங்க. வேற வேற கையெழுத்து. போன மாசம் சேந்த பையன் கூட அப்படித்தான் எழுதறான். அப்படி எழுதச் சொல்லி யாரும் சர்க்குலர் போடல.

நைட் ஷிப்ட்க்கு லைனுக்கு ஒரு லீடர் வேணும்னு கேட்டு லெட்டர் ரெடி பண்ணி வெச்சிருக்கேன். மூணு லைனுக்கும் சேத்து இன்னும் ரெண்டு ஆள் சம்பளம். எதுக்குன்னு எம்.டி கேப்பாரு, திங்கட்கிழமை ரிவ்யூ. என்னத்தைக் காட்டி கேக்கறதுன்னு தெரியல, கையில இருக்கற கிராஃப் எல்லாம் நல்லாத்தான் இருக்கு.