கடை திறக்கும் முன் போட வேண்டிய கணக்கு

சிறிய சில்லறைக் கடை தொடங்க நினைப்பவர்கள், கையில் இருக்கும் முதல் போதுமா என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். நான் அதற்கு முன்பே வேறொரு கணக்கைப் போடச் சொல்வேன்: கடை ஒரு நாளைக்கு எவ்வளவு விற்றாக வேண்டும்? இடம், சரக்கு, தள்ளுபடி என எல்லா முடிவுகளையும் அந்த எண்ணை வைத்தே எடுக்க வேண்டும்.

80க்கு வாங்கிய பொருளை 100க்கு விற்றால் கிடைக்கும் 20, அடக்க விலையில் 25 விழுக்காடு. விற்பனை விலையிலோ 20 விழுக்காடுதான். வாடகையும் மின்கட்டணமும் வட்டியும் சேர்ந்து மாதம் 20,000 ஆகிறது என்றால், 1,00,000க்கு விற்றால்தான் கையைக் கடிக்காது. 25 விழுக்காடு என்று தவறாக எடுத்துக்கொள்பவர் 80,000 விற்றால் போதும் என்று நம்பி, மாதந்தோறும் 4,000 பற்றாக்குறையில் கடை நடத்துவார். கல்லாவில் தினமும் பணம் புரள்வதால் அது உடனே கண்ணில் படுவதும் இல்லை.

இந்தக் கணக்கில் பலரும் விட்டுவிடுவது தங்கள் சொந்தச் சம்பளத்தை. வேறிடத்தில் வேலை பார்த்தால் 15,000 கிடைக்கும் ஒருவர், கடையில் நாள் முழுவதும் நிற்கும்போது அந்தத் தொகையும் கடையின் செலவே. சொந்தக் கட்டடம் என்றால், அதை வாடகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் பணமும் அப்படித்தான். சம்பளத்தை மட்டும் சேர்த்தாலே மாதச் செலவு 35,000 ஆகி, விற்க வேண்டியது 1,75,000க்கு ஏறிவிடுகிறது. மாதம் 25 நாள் கடை திறந்தால், நாளுக்கு 7,000. ஒருவர் சராசரியாக 200க்கு வாங்குவார் என்றால், தினமும் 35 பேர் உள்ளே வந்து வாங்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன், பார்த்து வைத்த இடத்துக்கு எதிரே காலையிலும் மாலையிலும் நின்று, நடந்து போகிறவர்களையும் அக்கம்பக்கத்துக் கடைகளுக்குள் நுழைகிறவர்களையும் எண்ணிப் பாருங்கள். வாடகை குறைவு என்பதற்காக ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தைப் பிடிப்பது சிக்கனமாகாது என்பது அப்போது விளங்கும்.

தள்ளுபடிக்கும் இதே அளவுகோல்தான். 80க்கு வாங்கி 100க்கு விற்றதை 90க்குக் கொடுத்தால் லாபம் பாதியாகிவிடுவதால், பழைய லாபத்தை எட்டவே இரண்டு மடங்கு பொருள் விற்க வேண்டும்.

சரக்கைத் தேர்ந்தெடுக்கும்போது லாப விகிதத்தை மட்டும் பார்க்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. 10,000 முதல் போட்டு வாங்கிய சரக்கு அடக்க விலைமேல் 25 விழுக்காடு லாபம் தந்தாலும், விற்றுத் தீர நான்கு மாதம் ஆனால் ஆண்டுக்கு மூன்று சுற்றில் 7,500தான் வரும். அதே பணத்தை 10 விழுக்காடே லாபம் தரும், ஆனால் மாதந்தோறும் விற்றுத் தீரும் சரக்கில் போட்டால் 12,000 வரும். அதனால் தொடக்கக் கொள்முதலைச் சிறிய அளவில் செய்து, எது நகர்கிறது என்று பார்த்த பிறகு அதைக் கூட்டுவதே நல்லது.

அலங்காரத்துக்கும் அலமாரிக்கும் முதலைக் கொட்டிவிடாமல், விற்பனை சூடுபிடிக்கும்வரை வாடகை கட்டச் சில மாதப் பணத்தைத் தனியே ஒதுக்க வேண்டும். எத்தனை மாதத்துக்குள் அந்த 35 பேர் வராவிட்டால் கடையை மூடுவது என்பதையும், மனம் தெளிவாக இருக்கும் இப்போதே வீட்டாருடன் பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த முடிவை எடுக்கும் நாளில், அலமாரிக்குச் செலவழித்த தொகையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது; கடையைத் தொடர்ந்து நடத்துவதால் மட்டும் அது திரும்பி வந்துவிடாது.