ஷ்வாப்ரினின் நாக்கு: 'கேப்டன் மகள்' வாசிப்புக் குறிப்புகள்

ஜூன் 3

புஷ்கினின் 'கேப்டன் மகள்' 1836 கடைசியில் 'சவ்ரெமென்னிக்' இதழில் வந்தது. அடுத்த சில வாரங்களில் அவர் இறந்துபோனார். கதை நடப்பது 1773-74இல், ரஷ்யப் பேரரசிக்கு எதிராகப் புகச்சோவ் என்ற கோசாக் (எல்லைப்புறக் குதிரைவீரர் கூட்டத்தைச் சேர்ந்தவன்) நடத்திய கலகத்தின்போது. ஆட்களைத் தூக்கில் போடுகிறவன் புகச்சோவ். ஆனால் படித்து முடித்தவர்களைக் கேட்டால் 'கேடுகெட்டவன்' என்று சொல்வது அலெக்சேய் இவானிச் ஷ்வாப்ரினைத்தான். 14 அத்தியாயங்களில் ஏறத்தாழ பாதியில்தான் அவன் நேரில் தலைகாட்டுகிறான், அதுவும் பெரும்பாலும் சில பத்திகளுக்கு. அவ்வளவு குறைந்த இடத்தில் இவ்வளவு வெறுப்பை எப்படிச் சேர்க்க முடிந்தது என்று பார்க்க, அவன் வாய் திறக்கும் இடங்களையும் திறக்காத இடங்களையும் மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு போனால் போதும்.

ஜூன் 4

3ஆம் அத்தியாயம். ஓரென்பர்க் நகரிலிருந்து 40 வெர்ஸ்த் (ஒரு வெர்ஸ்த் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்) தள்ளி இருக்கும் பெலகோர்ஸ்க் கோட்டைக்கு, கதையைச் சொல்லும் இளம் அதிகாரி கிரினியோவ் வந்து சேர்ந்த மறுநாள் காலையே ஷ்வாப்ரின் வந்து பிரெஞ்சில் பேசுகிறான். குள்ளம், கறுத்த முகம், அழகில்லை, ஆனால் துறுதுறுப்பு. காவல்படையில் இருந்தவன்; வாள்சண்டையில் ஒரு லெப்டினன்ட்டைக் குத்திக் கொன்றதற்காக இங்கே தள்ளப்பட்டு ஐந்தாவது வருஷம். அந்த வனாந்தரத்தில் கிரினியோவுக்குப் பேச்சுத்துணை என்று கிடைப்பவன் இவன் ஒருவன்தான்.

அவன் முதலில் செய்வது கோட்டையிலுள்ளவர்களை 'அறிமுகப்படுத்துவது'. கேப்டன் மகள் மாஷா சரியான முட்டாள் என்கிறான். அவள் அம்மா வசிலிசா யெகோரவ்னாவுக்கும் ஒற்றைக்கண் லெப்டினன்ட் இவான் இக்னாதிச்சுக்கும் முடிச்சுப் போட்டுவிடுகிறான். அதனால் மாஷாவை முதல்முறை பார்க்கும்போதே கிரினியோவ் கண்ணுக்கு அவள் மட்டமாகத்தான் தெரிகிறாள். வத்தி அங்கேயே வைத்தாகிவிட்டது.

இங்கே புஷ்கின் காரணத்தைச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிரினியோவ் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு ஷ்வாப்ரின் மாஷாவைப் பெண் கேட்டான், அவள் மறுத்துவிட்டாள் என்பது அடுத்த அத்தியாயத்தில், வாள்சண்டைப் பேச்சு எழுந்த பிறகு, மாஷா வாயாலேயே வருகிறது. முதலிலேயே சொல்லியிருந்தால் அவன் பேச்சு வெறும் பொறாமையாகி, நாமும் ஏமாந்திருக்க மாட்டோம்.

ஜூன் 6

வாள்சண்டை. ஷ்வாப்ரின் முதுகில் குத்தினான் என்று பலர் எழுதுகிறார்கள். மூலத்தில் அப்படி இல்லை.

கிரினியோவ் எழுதிய காதல் பாட்டைக் கேட்டுவிட்டு, மாஷாவுக்குப் பாட்டு எதற்கு, ஒரு ஜோடி கம்மல் கொடுத்தால் போதும் என்று ஷ்வாப்ரின் சொன்னதில் சண்டை மூள்கிறது. முதல் முயற்சியை இவான் இக்னாதிச் ஐந்து படைவீரர்களோடு வந்து தடுத்துவிடுகிறார். இரண்டாவது ஆற்றங்கரையில். ஷ்வாப்ரினுக்குத் தேர்ச்சி அதிகம், கிரினியோவுக்கு வலுவும் துணிச்சலும் அதிகம். போதாததற்கு முன்னாள் சிப்பாயான பிரெஞ்சு வாத்தியாரிடம் கற்ற சில வீச்சுகளும் உண்டு. ஷ்வாப்ரின் தளர்கிறான், கிரினியோவ் அவனை ஏறக்குறைய ஆற்றுக்குள்ளேயே நெட்டிவிடுகிறான். அப்போது பின்னாலிருந்து வேலைக்காரக் கிழவர் சவேலிச் பேர் சொல்லிக் கூப்பிட, கிரினியோவ் திரும்புகிறான். வாள் வலது தோளுக்குக் கீழே நெஞ்சில் இறங்குகிறது.

சட்டப்படி பிழையா? எதிராளி கவனம் சிதறிய கணத்தைப் பயன்படுத்திக்கொண்டான், அவ்வளவே. கதைசொல்லியான கிரினியோவும் அந்த வரியில் அவனைத் திட்டுவதில்லை. வாளைவிட நாக்கில்தான் இவன் ஆபத்தானவன் என்பது அடுத்த அத்தியாயத்தில் தெரியும்.

ஜூன் 7

வாள்சண்டை விஷயம் கிரினியோவின் அப்பாவுக்குப் போய்ச் சேருகிறது. மாஷாவைக் கல்யாணம் செய்துகொள்ள அவர் சம்மதம் கிடைக்காது. போட்டுக்கொடுத்தது யார்? ஷ்வாப்ரின்தான் என்பதற்கு நாவலில் நேரடி ஆதாரம் கிடையாது. சவேலிச் எழுதவில்லை, கேப்டனுக்கு அவசியமில்லை, தான் கோட்டையைவிட்டுப் போனால் லாபம் ஷ்வாப்ரின் ஒருவனுக்கே என்று கிரினியோவ் கழித்துக் கழித்துத்தான் அந்த முடிவுக்கு வருகிறான். இது ஷ்வாப்ரினின் எதிரி எழுதும் நினைவுக்குறிப்பு என்பதை மறக்காமல் படிக்க வேண்டிய இடம். சந்தேகம் நியாயமானதுதான், ஆனாலும் சந்தேகமே.

ஜூன் 10

கோட்டை விழுகிறது. கேப்டனும் இவான் இக்னாதிச்சும் தூக்கில். ஷ்வாப்ரின் கோசாக்குகள்போல முடியை வட்டமாக வெட்டி, கோசாக் அங்கி போட்டு கலகக்காரர்களின் நடுவே நிற்கிறான். புகச்சோவ் காதில் ஏதோ ஓதுகிறான். என்ன ஓதினான் என்று புஷ்கின் எழுதவில்லை. கிரினியோவை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் புகச்சோவ் தூக்கு என்கிறான் (சவேலிச் காலில் விழுந்து கெஞ்சியதால்தான் கிரினியோவ் தப்புகிறான்). கண்டபடி திட்டுகிற ஒரு வசனத்தை அந்த இடத்தில் வைத்திருந்தால் பாதி வேகம் போயிருக்கும்.

ஜூன் 11

இங்கிருந்து 12ஆம் அத்தியாயம் வரை ஒரே மூச்சில் படிக்க வேண்டும். தனித்தனியாகப் படித்தால் ஒரு விஷயம் நழுவிவிடும்.

பெற்றவர்களை இழந்த மாஷாவைப் பாதிரியார் மனைவி அக்குலினா பம்ஃபீலவ்னா தன் உறவுப்பெண் என்று சொல்லி ஒளித்து வைக்கிறாள். புகச்சோவ் அவளைப் பார்க்க வரும்போது ஷ்வாப்ரினும் உண்மை தெரிந்தவன். கத்தியால் குத்துவதுபோல ஒரு பார்வை பார்க்கிறான், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. அக்குலினா அதற்காக நன்றிகூடச் சொல்கிறாள். சரி, இவனுக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று தோன்றும்.

10ஆம் அத்தியாயத்தில் மாஷாவின் கடிதம் அந்த ஈரத்தைத் துடைத்துவிடுகிறது. இப்போது கோட்டைத் தலைவனாகிவிட்ட ஷ்வாப்ரின், அந்தப் பொய்யை மறைத்து உன் உயிரைக் காப்பாற்றியவன் நான் என்று அவளிடமே கணக்குக் காட்டுகிறான். கல்யாணத்துக்குச் சம்மதிக்காவிட்டால் புகச்சோவ் முகாமுக்கு அனுப்பிவிடுவேன், ஹர்லோவாவுக்கு நடந்ததுதான் உனக்கும் என்கிறான். கொடுத்த மௌனத்துக்கு வட்டியோடு வசூல்.

ஹர்லோவா கற்பனை இல்லை. நீஷ்னி ஒசெர்னயா கோட்டைத் தலைவர் மேஜர் ஹர்லோவின் இளம் மனைவி. 1773 செப்டம்பரில் கணவரையும், ததீஷேவ் கோட்டையில் இருந்த பெற்றோரையும் கலகக்காரர்கள் கொன்றார்கள். அவளைப் புகச்சோவ் தன்னோடு வைத்துக்கொண்டான். பிறகு அவளும் ஏழு வயதுத் தம்பியும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1834இல் வெளியான தன் வரலாற்று நூலில் புஷ்கினே இதை எழுதியிருக்கிறார். அந்தப் பெயர் தெரிந்து படித்தால்தான் மிரட்டலின் கனம் புரியும்.

12ஆம் அத்தியாயத்தில், மாஷாவை விடுவிப்பதாகக் கிரினியோவுக்கு வாக்குக் கொடுத்த புகச்சோவே அவனோடு வந்து நிற்கிறான். மாஷா பூட்டிய அறையில், தண்ணீரும் ரொட்டியுமாகக் கிடக்கிறாள். அவள் என் மனைவி என்கிறான் ஷ்வாப்ரின். பொய் உடனே உடைகிறது. மாட்டிக்கொண்டதும், இவள் தூக்கிலிடப்பட்ட கேப்டனின் மகள், கிரினியோவும் உங்களை ஏமாற்றுகிறான் என்று கொட்டிவிடுகிறான். 8ஆம் அத்தியாயத்தில் காத்த ரகசியத்தை, தனக்குப் பயன்படாமல் போன அந்த நொடியில் வீசி எறிகிறான். பிரபு குலத்தான் ஒருவன் ஓடிப்போன கோசாக்கின் காலில் விழுந்து கிடப்பதைப் பார்த்து, கிரினியோவுக்குக் கோபம் போய் அருவருப்பு மட்டுமே மிஞ்சுகிறது. புகச்சோவோ, நேரில் விளக்கம் கேட்டதும் சிரித்து, சொன்ன வாக்கைக் காப்பாற்றுகிறான்.

ஜூன் 14

இந்த ஆள் எங்கிருந்து வந்தான்? மிகைல் ஷ்வான்விச் என்று நிஜமாகவே ஒரு அதிகாரி இருந்தான். 1773 நவம்பரில் தன் படைவீரர்களோடு பிடிபட்டுப் புகச்சோவிடம் வேலை பார்த்தான். ஓரென்பர்க் ஆளுநருக்குப் போன ஆணையை ஜெர்மனில் மொழிபெயர்த்தது அவன்தான். 1775 ஜனவரித் தீர்ப்பு, நேர்மையான சாவைவிட இழிந்த வாழ்வை விரும்பியவன் என்று குற்றம் சாட்டி, பதவியையும் பிரபு அந்தஸ்தையும் பறித்து, தலைக்குமேல் வாளை முறித்தது. பிறகு துருகான்ஸ்கில் நாடுகடத்தல்.

1833 ஜனவரியில் புஷ்கின் போட்ட முதல் திட்டத்தில் ஷ்வான்விச்தான் கதாநாயகன். அதாவது துரோகம் செய்தவனே நாயகன். அந்த வருஷ இலையுதிர்காலத்தில் கசான், ஓரென்பர்க், புகச்சோவ் முகாமிட்டிருந்த பெர்தா என்று நேரில் போய் விசாரித்தார். அடுத்தடுத்த திட்டங்களில் நாயகன் பெயர் பஷாரின், வலூயெவ், புலானின் என்று மாறிக் கடைசியில் கிரினியோவ் ஆனது. தணிக்கை அதிகாரிக்கு 1836 அக்டோபரில் எழுதிய கடிதத்தில்கூட, புகச்சோவ் பக்கம் போய், வயதான தகப்பன் கெஞ்சியதால் மன்னிக்கப்பட்ட ஒரு அதிகாரியின் கதையே நாவலுக்கு அடி என்கிறார். ஒரே ஆளை இரண்டாக வகிர்ந்திருக்கிறார் என்பது என் வாசிப்பு: புகச்சோவோடு விருந்துண்ட கைதி ஒருவனிடம், கட்சி மாறிய அதிகாரி இன்னொருவனிடம். அதனால்தான் கிரினியோவ்மேல் விழும் குற்றச்சாட்டு அவ்வளவு பொருந்திப்போகிறது.

ஜூன் 15

கசானில் கிரினியோவ்மேல் விசாரணை. விலங்கோடு வரும் ஷ்வாப்ரின் எலும்பும் தோலுமாக இருக்கிறான். கரிய முடி முழுக்க நரைத்துவிட்டது, குரல் பலவீனம், ஆனால் தயக்கமில்லை. கிரினியோவ் புகச்சோவின் ஒற்றன், ஓரென்பர்கிலிருந்து தினமும் வெளியே சண்டைக்கு வந்தது செய்தி கைமாற்றத்தான் என்கிறான். கிரினியோவ் வெளியே வந்தது நிஜம், புகச்சோவோடு ஒரே வண்டியில் போனது நிஜம், அவன் கொடுத்த குதிரையை வாங்கிக்கொண்டதும் நிஜம். காரணம் மட்டும் பொய். முதல் நாள் காலையில் செய்த அதே வேலை.

ஆனால் மாஷாவின் பெயரை அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கிரினியோவ் இன்னும் ஆழமாகச் சிக்கியிருப்பான், அவளையும் விசாரணைக்கு இழுத்திருப்பார்கள். கிரினியோவ் இதற்கு இரண்டு காரணம் ஊகிக்கிறான்: தன்னை மறுத்தவளை நினைக்க ரோஷம் இடம்கொடுக்கவில்லை, அல்லது மாஷாவின் பெயரைச் சொல்லாமல் கிரினியோவை வாய்மூட வைத்த அதே உணர்வின் பொறி ஷ்வாப்ரினிடமும் இருந்தது. முடிவு சொல்லாமல் நகர்ந்துவிடுகிறான். எனக்கு இரண்டாவது காரணம்தான். இந்த மௌனத்தை யாரிடமும் காட்டி அவன் வசூலிக்க வழியே இல்லை.

ஜூன் 16

சில பதிப்புகளில் பின்னிணைப்பாக வரும் 'விடுபட்ட அத்தியாயம்' பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் கிரினியோவின் பெயர் புலானின். கிரினியோவின் நண்பனான குதிரைப்படை அதிகாரி சூரினின் பெயர் கிரினியோவ். தெரியாமல் நுழைந்தால் தலை சுற்றும். அங்கே ஷ்வாப்ரின் கும்பலோடு வந்து நாயகனின் குடும்பத்தைக் களஞ்சியத்தில் மடக்கித் தீ வைக்கச் சொல்கிறான், குண்டடிபட்டு விழுகிறான். விழுந்தபிறகும் மாஷா தவிர மற்ற எல்லாரையும் தூக்கிலிடச் சொல்கிறான். பரபரப்பு நிறைய. ஆனால் தீயும் துப்பாக்கியும் எந்தக் கலகத் தலைவன் கையிலும் இருக்கலாம். அதைச் செய்ய ஷ்வாப்ரின் தேவையில்லை. புஷ்கின் அதை எடுத்துவிட்டதில் நாவலுக்கு நஷ்டம் இல்லை.