ஈஜிஆர் பிளேட்டும் கழற மறுத்த கீழ் போல்ட்டும்

ஒருவழியாக நேற்று மாலை, என் காரின் ஈஜிஆர் வால்வைப் பிடித்திருந்த அந்தக் கீழ் போல்ட் கழன்றது. மூன்று ஞாயிற்றுக்கிழமையை விழுங்கிய போல்ட். கையில் இன்னும் கரி போகவில்லை, ஆனாலும் மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

வண்டி 2013 மாடல், 1.3 லிட்டர் காமன் ரயில் டீசல், பிஎஸ்4, ஓடியது 1,32,000 கிலோமீட்டர். 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே இழுவையே இல்லை, பாலம் ஏறினால் பின்னால் கறுப்பாகப் புகை. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் எல்லாம் பார்த்தாகிவிட்டது. "ஈஜிஆருக்கு ஒரு பிளேட் போட்டு அடைச்சிருங்க தம்பி, வண்டி பறக்கும்" என்றார் மெக்கானிக் அண்ணன். ஈஜிஆர் என்றால் எக்ஸாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தை ஒரு வால்வு வழியாக மறுபடி எஞ்சினுக்குள் விடும் அமைப்பு. ஆன்லைனில் கிடைக்கும் மெல்லிய அலுமினிய பிளேட்டை வாங்கவில்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதற்கு வெகு முன்பே வலுவிழந்துவிடும், அதை எக்ஸாஸ்ட் பக்கம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய பேக்கிங்கை அச்சாக வைத்து வரைந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேசர் கட்டிங் பட்டறையில் 2 மில்லிமீட்டர் எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் வெட்டி வாங்கினேன். ஓரம் அவ்வளவு சுத்தம், அரம் போடவே தேவைப்படவில்லை.

அண்ணன் சொன்னது உண்மைதான். இரண்டாவது கியரில் மெதுவாக உருட்டி மிதித்தாலே இழுத்தது, புகையும் குறைந்தது. மூன்றாம் நாள் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது, ஸ்கேனரில் பி0401, அதாவது ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை என்ற பிழைக்குறியீடு. எஞ்சினின் கணினியான ஈசியூ வால்வைத் திறக்கச் சொல்லிவிட்டு, எக்ஸாஸ்ட் வாயு உள்ளே வந்தால் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் புதுக்காற்று குறைய வேண்டுமே என்று பார்க்கிறது. குறையவில்லை என்றால் பிழைக்குறியீட்டைப் போட்டுவிடும். கொஞ்சம் வாயு போய் விளக்கு எரியாமல் இருக்க, சிலர் பிளேட்டின் நடுவில் 6 அல்லது 8 மில்லிமீட்டர் துளை போடுகிறார்கள். நானும் டிரில்லைக் கையில் எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன்.

ஈஜிஆர் எரியறையின் உச்ச வெப்பத்தைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடைக் கட்டுப்படுத்துகிறது. டீசல் வண்டிக்கான புகைச் சான்றிதழில் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும்தான். அடைத்த வண்டி அதில் நன்றாகவே தேறிவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத வாயு கூடிப்போய்த் தெருவில் நிற்பவர் மூச்சில்தான் போகிறது. என் வீட்டிலேயே வீசிங் உள்ள பிள்ளை இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும் அனுமதிப்பதில்லை.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. அடைத்ததும் வண்டி சரியானது என்றால், அடைக்காதபோது வாயு ஓயாமல் கசிந்திருக்கிறது, அதாவது வால்வு முழுசாக மூடவில்லை. இழுவையைத் தின்றது ஈஜிஆர் அல்ல, கரி பிடித்த வால்வு. பிளேட் எனக்கு நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

சரி, வால்வைக் கழற்றலாம் என்றால் அங்கேதான் சிக்கல். பிளேட் சொருக, குழாய் இணையும் ஃபிளாஞ்சின் இரண்டு போல்ட்டைக் கழற்றினால் போதும், இருபது நிமிட வேலை. வால்வை வெளியே எடுக்க அதன் முதுகுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், தலையில் அறுகோணக் குழி உள்ள ஓர் எம்8 அலன் போல்ட். அதுதான் அந்தக் கீழ் போல்ட். முதல் ஞாயிறு 6 மில்லிமீட்டர் அலன் கீ வழுக்கி, தலைக்குழி உருண்டையாகிவிட்டது. உருண்டை முனை (பால் எண்ட்) அலன் கீயால் சாய்த்துத் திருப்பியது என் தவறு, இறுகிய போல்ட்டில் அதைப் பயன்படுத்தவே கூடாது. இரண்டாம் ஞாயிறு துருநீக்கி எண்ணெய் அடித்துக் காத்திருந்தது மட்டும்தான் மிச்சம். இந்த வாரம் தினமும் இரவு வண்டி சூடாக வந்ததும் எண்ணெய், காலையில் மறுபடி எண்ணெய். நேற்று நட்சத்திர முனை கொண்ட டி40 டார்க்ஸ் பிட்டைக் குழியில் வைத்து, நீட்டுக் கம்பியால் அடித்து இறக்கினேன். உருண்டுபோன 6 மில்லிமீட்டர் குழியில் டி40 கச்சிதமாகக் கடித்துப் பிடிக்கிறது. முதலில் இறுக்கும் பக்கம் ஒரு துளி தள்ளினேன், அப்போதுதான் துரு உடையும், பிறகு எதிர்ப்பக்கம். "டக்" என்று ஒரு சத்தம். போல்ட் முறிந்துவிட்டதோ என்று நெஞ்சு ஒரு கணம் நின்றது. இல்லை, கழன்றிருந்தது! மேனிஃபோல்டின் அலுமினிய மரை ஒன்றும் பெயராமல் வந்தது பெரிய நிம்மதி.

வால்வு மூடி உட்காரும் சீட்டைச் சுற்றி அரை விரல் கனத்துக்கு ஈரக்கரி. எக்ஸாஸ்ட் கரியும் எஞ்சினின் ஆவி வெளியேறும் பிரீதர் குழாயிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்தால் இப்படித்தான் பசையாகும். வால்வின் மோட்டார் பக்கம் நனையாமல், மொட்டை மாடியில் கார்பரேட்டர் கிளீனரும் மூங்கில் குச்சியுமாக இரண்டு மணி நேரம். ஸ்க்ரூடிரைவரால் சீட்டைச் சுரண்டாதீர்கள், ஒரு கீறல் விழுந்தால் மறுபடி கசியும். மூடிய வால்வின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். சுத்தம் செய்யும் முன் பத்து விநாடியில் வடிந்தது, இப்போது பத்து நிமிடம் கழித்தும் அப்படியே நிற்கிறது.

பிளேட் இல்லாமலே மாட்டியாகிவிட்டது. ஐடிலில் வால்வு மூடியிருக்கும்போது சென்சார் காட்டும் காற்று விநாடிக்கு 8 கிராம், திறந்ததும் 5 கிராம் அருகே இறங்குகிறது. விளக்கு எரியவில்லை. பாலத்தில் பிளேட் போட்டிருந்தபோது இருந்த அதே இழுவை.

எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டின் உள்ளேயும் கரி தெரிகிறது, அதையும் இறக்க வேண்டும். அதற்கான பேக்கிங் செட் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் சொல்லி வைத்திருக்கிறேன். பிரீதரின் எண்ணெய் ஆவியைப் பிடித்து வைக்கும் ஆயில் கேட்ச் கேன் ஒன்றும் புதுப்பேட்டையில் தேடலாம் என்று ஓர் ஆசை. அதற்கு முன் அந்தக் கீழ் போல்ட்டுக்கு அறுகோணத் தலை வைத்த புது எம்8 வாங்க வேண்டும். பழையதைத்தான் இப்போதைக்குக் காப்பர் பேஸ்ட் தடவி, கையிறுக்கமாக விட்டிருக்கிறேன்.