பக்கியை எழுப்பிய கேப்டன் அமெரிக்கா: எதைப் படிப்பது, எதைத் தாண்டுவது

2005 ஜனவரி தேதியிட்ட முதல் இதழோடு மார்வெலின் கேப்டன் அமெரிக்கா காமிக்ஸ் தொடர் புதிதாகத் தொடங்கியது. எழுத்து எட் புரூபேக்கர், ஓவியம் ஸ்டீவ் எப்டிங். ரீபூட், அதாவது மறுதொடக்கம், என்கிறோமே தவிர, பழைய கதைகளை அவர்கள் அழிக்கவில்லை. கை வைத்தது முக்கியமாக ஒரே இடத்தில்: கேப்டனின் சிறுவன் கூட்டாளி பக்கி.

பழைய தொடரை 1954-ல் நாஜி எதிரியை மட்டும் மாற்றி, கம்யூனிஸ்டுகளை அடிக்கும் கேப்டனாக இறக்கிப் பார்த்தார்கள். 76 முதல் 78 வரை மூன்றே இதழ்கள், கடை மூடியாயிற்று. 1964-ல் அவெஞ்சர்ஸ் 4-ஆம் இதழில் கேப்டனான ஸ்டீவ் ரோஜர்ஸைப் பனிக்கட்டியிலிருந்து மீட்டபோது, அவனுடைய கூட்டாளி பக்கி உலகப்போரிலேயே விமான வெடிப்பில் செத்துவிட்டதாக எழுதினார்கள். காமிக்ஸில் பக்கியைத் தவிர எல்லாரும் உயிரோடு திரும்புவார்கள் என்று ரசிகர்களே கிண்டலடிக்கும் அளவுக்கு அந்தச் சாவு நிலைத்துவிட்டது.

புரூபேக்கர் பிடித்த நூல் எளியது: ஒரு பொடியனைப் போர்முனைக்கு ஏன் அனுப்புவார்கள்? கொடியை உடுத்திய ஸ்டீவ் செய்வதாக வெளியே தெரியக்கூடாத வேலைகளுக்கு. இருட்டில் காவலாளியின் கழுத்தை அறுப்பது பக்கியின் பொறுப்பு. இது ஒட்டிவிட்டால், அவனைச் சோவியத்தின் கொலையாளி விண்டர் சோல்ஜராக நம்புவது கஷ்டமில்லை. போன கைக்கு உலோகக் கை, நினைவு அழிப்பு, வேலை முடிந்ததும் உறைநிலை. அறுபது வருடம் கழித்தும் இளைஞனாக இருக்கிறானே என்ற கேள்விக்கும் அந்த உறைநிலைதான் பதில். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

எப்டிங்கின் நிழல் கனத்த பக்கங்கள் உளவுக்கதைக்கே உரியவை. போர்க்கால நினைவுகள் வண்ணம் வடிந்து வருவதால் காலம் குழம்பாது.

முதல் 14 இதழ்களை ஒரே மூச்சில் படியுங்கள். 10-ஆம் இதழைத் தாண்டலாம், அது மார்வெலின் பல தொடர்களில் ஓடிய ஹவுஸ் ஆஃப் எம் கதைக்கான இணைப்பு. 7-ஐத் தாண்டாதீர்கள். ஒருகாலத்தில் பக்கி வேடம் போட்ட ஜாக் மன்றோவின் தனிக்கதைபோல நகர்ந்தாலும், அவனைக் கொன்றது யார் என்பது அங்கேதான் இருக்கிறது. தொடரின் மிகச் சோகமான இதழும் அதுவே.

2007-ல் வந்த 25-ஆம் இதழில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஸ்டீவ் கைவிலங்கோடு நீதிமன்றத்துக்கு ஏன் போகிறான் என்பது மார்வெல் நாயகர்கள் தங்களுக்குள் மோதும் சிவில் வார் தொடரின் 7 இதழ்களைப் படித்தால்தான் புரியும். சுடப்படுவது அந்த வாசற்படியில். 34-ல் பக்கி கேடயத்தை ஏந்துகிறான், இடுப்பில் கைத்துப்பாக்கியுடன்.

50-க்கு அடுத்தது 600. நடுவில் எதையும் தவறவிட்டதாகப் பதறவேண்டாம். 2009-ல், பழைய தொடர்களின் இதழ்களையும் சேர்த்து எண்ணும் பழைய வரிசை எண்ணுக்கே திரும்பிவிட்டார்கள். 600 முடிந்ததும் ஸ்டீவின் கதையைத் தொடரும் ரீபார்ன் குறுந்தொடரின் 6 இதழ்கள்.